முப்பத்தெட்டுக்கு மேல்

துக்மில் ஜூன் பிறந்துவிட்டால்
எனக்குப் படிக்க நேரம் கொடுப்பது காற்றுதான்.
மணிக்கு முப்பத்தெட்டு கிலோமீட்டர் தாண்டியதும்
மீட்டர் கத்தும்.
சுமையை இறக்கி, கொக்கியை ஏற்றி,
திருகு பிரேக்கை விடுவித்து
கிரேனை அதன் போக்கில் விட்டுவிட வேண்டும்.
அறுபத்திரண்டு மீட்டர் உயரத்தில்
கண்ணாடிக் கூண்டோடு நானும் அசைந்து திரும்புவேன்.
பக்கத்தின் ஓரத்தில் கடல் தெரியும்.
இரண்டு பத்தி தள்ளி நிமிர்ந்தால்
அதே இடத்தில் மணல், டேங்குகள், லேபர் கேம்ப்பின் தகரம்.

"பாய், மேலே என்ன பண்றீங்க?"
வாக்கிடாக்கியில் மொஃபிசுல்.
படிக்கிறேன் என்றேன்.
"எத்தனை புத்தகம் இருக்கு?"
மூணு.
"மூணில் நம்பர் ஒன் எது?"

அதுவரை நம்பர் போட்டதில்லை.

கவிதைப் புத்தகம் என்றுதான் முதலில் வாயில் வந்தது.
முதல் லீவு முடிந்து கிளம்பும்போது
ஜெஸிந்தா பையில் செருகியது.
அங்கங்கே பென்சில் கோடுகள்.
கவிதைகள் பாதி புரியவில்லை,
கோடுகள் புரிந்தன.
'பூட்டாத கதவு' என்பதன் அடியில் ஒன்று,
'உப்பு போதும்' என்பதன் அடியில் இரண்டு.
வீட்டில் அதிகம் பேசாதவள்
இவ்வளவையும் மனசில் வைத்திருந்தாளா என்று
நான்கு வருடம் அந்தக் கோடுகளோடு குடும்பம் நடத்தினேன்.
ஐந்தாம் வருடம் போனில் கேட்டபோது சிரித்தாள்:
"நானா? அது பழைய புத்தகக் கடையில வாங்கினது.
நான் பிரிச்சே பாக்கல."
யாரோ ஒருவரின் பென்சில்.
ஆணா பெண்ணா, உயிரோடு இருக்கிறாரா, தெரியாது.
புத்தகத்தை மட்டும் தூக்கிப் போட முடியவில்லை.

கணக்குப் பார்த்தால் அதிகம் படித்தது லோடு சார்ட்.
நாற்பது மீட்டர் தூரத்தில் இரண்டு டன் நானூறு.
அதில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது.
பதினோரு வருடத்தில் யாரையும் கொல்லாமல் இருக்கிறேன் என்றால்
அந்தப் பிளாஸ்டிக் உறைக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.
ஆனாலும் அதைப் பிடிக்கும் என்று சொல்ல மனசு வரவில்லை.

மூன்றாவதற்கு அட்டை இல்லை.
பெயர் தெரியாது, எழுதியவர் யாரென்று தெரியாது.
வடிவாம்பாள் என்றொருத்தி
பேங்க்மேல் பதினோரு வருடம் கேஸ் நடத்துகிறாள்.
வாய்தா வாய்தாவாக அதே நீலச் சேலை,
அதே டிபன் பாக்ஸ்.
எனக்குத் தெரிந்த இந்தியில்
ஏழாம் சேனலில் சொல்லிக்கொண்டு போனேன்.
'வாய்தா'வுக்கு இந்தி தெரியாமல் முழித்தேன்;
"தாரீக்" என்று யாரோ எடுத்துக்கொடுத்தார்கள்.
கீழே பாதிப் பேருக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி,
கோர்ட்டுக்கு இரண்டு தடவை போய் வந்தவர்கள்.
சேனலில் இரைச்சல் மட்டும்,
ஒருவரும் குறுக்கே பேசவில்லை.

"நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.
வடிவாம்பாள் எழுந்து"

அவ்வளவுதான், என்றேன்.
இருநூற்று எண்பத்தெட்டாம் பக்கம்.
அதற்கப்புறம் கிழிந்துவிட்டது.

"ஜெயிச்சுட்டா," என்றான் மொஃபிசுல் உடனே.
குல் ஜமான் ஒத்துக்கொள்ளவில்லை:
பாதிப் பணம் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பாள்,
எல்லோரும் அதைத்தான் செய்கிறோம்.
கேம்ராஜ், நேபாளி, வெகுநேரம் கழித்து:
"கண்ணாடியைக் கழற்றினால்
அடுத்த தாரீக் என்று அர்த்தம்."
சேனல் முழுக்கச் சிரிப்பு.
சேஃப்டி ஆபீசர் வந்து அதட்டினார்,
இது வேலைச் சேனல் என்று.
அதட்டிவிட்டு, குரலைத் தாழ்த்தி,
"எவ்வளவு பணம் வரணும் அவளுக்கு?"

நாற்பத்திரண்டாயிரம் ரூபாய், வட்டி தனி என்றேன்.
எழுத்தாளர் அதைச் சரியாக எழுதியிருந்தார்.
வட்டியைக்கூட ஒரு பக்கம் முழுக்கக் கணக்குப் போட்டிருந்தார்.
தப்பு இருக்குமோ என்று
நான் லாக் ஷீட்டின் பின்பக்கம் போட்டுப் பார்த்திருக்கிறேன்.
பைசா பிசகவில்லை.

மீட்டர் முப்பத்தாறுக்கு இறங்கி
பத்து நிமிடம் அங்கேயே நின்றது.
"பாய், நம்பர் ஒன் சொல்லவே இல்லையே."
கொக்கி எங்கே வேண்டும், என்று கேட்டேன்.
பைப் ரேக் பக்கம், மெதுவாக, மெதுவாக, இன்னும்.
எழுந்து நின்ற வடிவாம்பாளை
நின்ற வாக்கிலேயே சீட்டுக்கடியில் வைத்துவிட்டு
லீவரைப் பிடித்தேன்.
தூரம் முப்பத்தாறு. எடை ஒன்று எண்ணூறு.